வீடு மாறுமுன் மீட்டரைப் பாருங்கள்!

லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருக்களில் உள்ள பழைய வீடுகளுக்குள் நுழைந்தால், மாடிப்படிக்குக் கீழே ஒரு மரப்பலகை கண்ணில் படும். அதில் வரிசையாக நாலைந்து மின்சார மீட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளைச் சாயத்தில் குடித்தனக்காரரின் பெயர். அப்படிப்பட்ட ஒரு பலகையில் உள்ள ஒரு பெயர், பதினோரு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்ட பெரியவர் ஒருவருடையது. அவருடைய மனைவி, எங்கள் வட்டாரத்தில் சிறுவர் முதல் கிழவர் வரை எல்லோருக்கும் மாமி, மாதம் தவறாமல் பில் கட்டி வந்தார். பில் யார் பெயரில் வருகிறது என்று அவரும் பார்க்கவில்லை. அவருக்காகப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்த நாங்களும் பார்க்கவில்லை.

மாமிக்கு இப்போது வயது 76. சர்க்கரை உண்டு, மூட்டுவலி உண்டு. மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூரில். "மூணு மாடி ஏறி இறங்கறது இனிமே ஆகாதுப்பா. யாரையும் தொந்தரவு பண்ணாம ஒரு இடத்துல உக்காந்துடணும்" என்று சொல்லி, ராஜார்ஹாட் பக்கத்தில் மூத்தோருக்கென்றே கட்டப்பட்ட ஒரு குடியிருப்பில் நீண்டகாலக் குத்தகைக்கு ஒரு சிறிய வீட்டைப் பேசி முடித்தார். சாமான் கட்ட என்னைக் கூப்பிட்டார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு மூட்டை கட்டத் தெரியும் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

மூட்டைகள் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. காகிதங்கள் முடிய நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொல்கத்தா என்று 2001-ல் பெயர் மாறியும் நம் வாயில் இன்னும் கல்கத்தாவாகவே இருக்கும் இந்த ஊரில், இதே நிலையில் பல தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. முந்தைய தலைமுறை ஓய்வு பெற்றதும் ஹவுராவில் மெட்ராஸ் மெயில் ஏறிச் சொந்த ஊருக்குப் போய்விட்டது. இப்போது ஊரில் வீடும் இல்லை, வீடு இருந்தால் ஆளும் இல்லை. ஒன்று, இங்கேயே நியூ டவுன் பக்கம். அரசின் ஹிட்கோ நிறுவனமே அங்கு 'ஸ்நேஹோதியா' என்று மூத்தோர் இல்லம் கட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கோயம்புத்தூர், அங்கே ஓய்வு பெற்றோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. எங்கே போனாலும் விளக்கு எரிய வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

இறந்தவர் பெயரில் இணைப்பு

மின்சார இணைப்பு வாங்கும்போது ஒரு காப்புத் தொகை கட்டுகிறோம். வீட்டைக் காலி செய்யும்போது கடைசி ரீடிங் எடுத்து, பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தருவார்கள். யாருக்கு? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. அவர் உயிரோடு இல்லை என்றால் மரணச் சான்றிதழ், வாரிசு என்பதற்கு ஆதாரம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் வந்து கேட்டால் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? பதினோரு வருஷம் சும்மா இருந்தவர்கள் நாங்கள்தான்.

மகள் பெங்களூரிலிருந்து ஒரு வாரத்தில் கடிதம் அனுப்பிவிட்டாள். மகன் அனுப்பிய முதல் கடிதத்தில் தகப்பனார் பெயர் சுருக்கெழுத்துடன் இருந்தது. மரணச் சான்றிதழில் முழுப் பெயர். மறுபடியும் எழுதி, மறுபடியும் அங்கே ஒரு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப ஆறு வாரம் ஆயிற்று. இதற்கிடையே வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. மின்சாரப் பாக்கி எதுவும் இல்லை என்ற தாளைக் காட்டினால் தருகிறேன் என்றார். அந்த அட்வான்ஸை நம்பித்தான் புது இடத்துக்கு மாமி கடைசித் தவணை கட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் மாலை மாமி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "நாப்பது வருஷம் இந்த வீட்ல வெளக்கேத்தினவ நான். காகிதத்துல நான் எங்கேயுமே இல்லையேப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பில்லை நீங்களும் இன்று எடுத்துப் பாருங்கள். காஸ் புத்தகத்தையும் பாருங்கள். கணவர் பெயரில் இருந்து அவர் இல்லை என்றாலும், இருவருமே இருந்து வீட்டைவிட்டுப் போகும் எண்ணம் இருக்கிறது என்றாலும், இப்போதே பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்து விடுங்கள். காலி செய்யும் வேளையில் அல்ல.

எல்லை தாண்டினால் வேறு கம்பெனி

கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்த கதை பழையது. 1897-ல் லைசென்ஸ் வாங்கிய கம்பெனி, 1899-ல் இமாம்பாக் சந்தில் மின் நிலையம் அமைத்தது. அதுதான் இன்றைய சி.இ.எஸ்.சி. ராஷ் பிகாரி அவென்யு, லேக் மார்க்கெட், பவானிபூர் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகள் எல்லாம் அதன் எல்லைக்குள். ஆகையால் ஊர் முழுவதும் அதுதான் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். சால்ட் லேக், ராஜார்ஹாட் பக்கம் போனால் மாநில அரசின் மின் விநியோக நிறுவனம். எல்லை தாண்டும்போது இணைப்பை 'மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்க முடியாது. பழையதை முடித்து, புதியதை முதலிலிருந்து வாங்க வேண்டும்.

மாமி போன குடியிருப்பில் முதல் நாளே அலுவலகத்தில், "மின்சாரம் பற்றிக் கவலைப்படாதீர்கள், பராமரிப்புக் கட்டணத்தோடு நாங்களே சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்" என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நான் மெட்ரிக் வரைதான் படித்தவன். ஆனாலும் இருபது வருஷமாக அலுவலகக் கடிதங்களைப் படித்துப் பழகியதில் ஒரு சந்தேகம் வந்தது. மீட்டர் யார் பெயரில்? ஒரு யூனிட்டுக்கு என்ன விலை? ஜெனரேட்டர் ஓடினால் அதற்குத் தனியா? கேட்டபோது சரியான விடை உடனே கிடைக்கவில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது தெரியாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவரும் மின்சாரம் கேட்கலாம் என்கிறது. குத்தகைக்காரருக்கும் அது பொருந்தும். 2020-ல் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் அவற்றைத் திருத்தியது. திருத்தத்தின்படி, எல்லாத் தாள்களோடும் கொடுத்த மனுவுக்குப் பெருநகரத்தில் மூன்று நாளிலும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் ஏழு நாளிலும், கிராமப்புறத்தில் பதினைந்து நாளிலும் இணைப்புத் தர வேண்டும். புதிதாக லைன் இழுக்க வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கணக்கு.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அடுக்குமாடி, காலனி போன்ற இடங்களில் வளாகம் முழுவதற்கும் ஒரே இணைப்பா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதை அங்கே உள்ள வீட்டு உரிமையாளர்கள் வாக்கெடுத்துத் தீர்மானித்துக்கொள்ளலாம். ஒரே இணைப்பாக இருந்தாலும், வீட்டில் எரித்த மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் முதலிய பொது உபயோகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒரு தொகையை எழுதி நீட்டினால், இந்த மூன்றையும் பிரித்துத் தரும்படி கேட்கலாம். சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. ஒரு கடிதம் போதும்.

நல்ல வேளையாக மாமியின் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்திருந்தார்கள். மாமி பெயரிலேயே மனுக் கொடுத்தோம். இதை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. மின்சார பில்தான் புது விலாசத்துக்கு முதல் அத்தாட்சி. அதைக் காட்டித்தான் பாங்கியில் விலாசம் மாற்ற வேண்டும், ஆதாரில் மாற்ற வேண்டும். ஆதாருக்கு மூன்று மாதத்துக்கு உட்பட்ட பில் வேண்டும். பராமரிப்புக் கட்டண ரசீதை வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் செய்வது சுலபமல்ல. இதில் ஒரு வேடிக்கை. தெற்குக் கல்கத்தாவில் மாதாமாதம் பில் பார்த்துப் பழகிய மாமிக்கு, அங்கே வந்தது மூன்று மாதத்துக்கான பில். ஆகவே முதல் பில் கைக்கு வரும்வரை, பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தைக் காட்டித்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது. குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்களின் பாடு திண்டாட்டம்தான்.

முதல் நாள் காலை

குடிபோன மறுநாள் காலை ஆறரை மணிக்கு எனக்குப் போன். "கரண்ட் போயிடுத்துப்பா. பக்கத்தாத்துல இருக்கு, எனக்கு மட்டும் இல்லை." ஐஸ் பெட்டியில் இன்சுலின் இருக்கிறதே என்று அவருக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை, ஓடினேன். போய்ப் பார்த்தால் எம்.சி.பி. கீழே விழுந்திருந்தது. அதைத் தூக்கிவிடத்தான் மாமிக்குத் தெரியவில்லை. அது அவர் தலைக்கு மேல் உயரத்தில், அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. முதியோருக்குக் கட்டிய வீட்டில் அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்பது கட்டியவருக்கே வெளிச்சம்.

விழுந்ததற்குக் காரணம் எளிய கணக்கு. குளிக்க கீஸரைப் போட்டார், 2,000 வாட். காப்பிக்கு இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டார், இன்னொரு 2,000. இரண்டும் ஒரே 16 ஆம்பியர் கம்பியில். நம் நாட்டின் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட்தான் தாங்கும். விழாமல் என்ன செய்யும்? மனுவில் 'எத்தனை கிலோவாட்' என்று கேட்கும் கட்டத்தை நாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய வீட்டில் நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி. புது வீட்டில் கீஸர், ஏ.சி., இண்டக்‌ஷன், வெட் கிரைண்டர். இவற்றின் வாட் கணக்கைக் கூட்டிப் பார்த்து, அதற்கேற்ற லோடைக் கேளுங்கள். கூடவே எலக்ட்ரீஷியனைக் கொண்டு கீஸருக்கும் அடுப்புக்கும் தனித்தனிக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாமி வீட்டில் அடுத்த வாரமே பிரித்துப் போட்டார்கள். பெட்டியையும் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கினார்கள்.

ஜெனரேட்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மின்தடை இல்லாத வளாகம்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். வீட்டுக்குள் எந்த பிளக்குக்கு அது வருகிறது என்று கேளுங்கள். பல இடங்களில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறியோடு சரி. இன்சுலின் வைத்த ஐஸ் பெட்டியோ, மூச்சுக்கு உதவும் கருவியோ இருப்பவர்கள் அந்த பிளக்கையும் ஜெனரேட்டர் லைனில் சேர்க்க எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். குடிபோன பிறகு கேட்பதைவிடக் கையெழுத்துப் போடுமுன் கேட்பது பலன் தரும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வு பெற்றோர் இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு முறைகளை வெளியிட்டது. கட்டியவர், சேவை நடத்துபவர், வீடு வாங்கியவர் என்று முத்தரப்பு ஒப்பந்தம் போட வேண்டும் என்ற யோசனை அதில் இருக்கிறது. அது வழிகாட்டிதான், ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுச் செயல்படுத்தினால்தான் அதற்குப் பலம். என்றாலும் கையில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் கவனமாகப் பேசுகிறார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

சிலிண்டரும் சீட்டும்

காஸ் இணைப்பிலும் மாமிக்கு அதே கதை, கணவர் பெயர். அது போதாதென்று, இணைப்பு வாங்கியபோது கொடுத்த சந்தா வவுச்சர் காணோம். தேடியதில் அகப்பட்ட இடம், ஊறுகாய் ஜாடிகளுக்குக் கீழே விரித்திருந்த காகிதங்களுக்கு நடுவே! அது கிடைக்காமல் போயிருந்தால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முறை இதுதான். அதே ஊருக்குள், அதே எண்ணெய்க் கம்பெனியின் வேறு ஏஜென்ஸிக்கு மாறுவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டாம். மாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் புது ஏஜென்ஸியில் பதிந்துகொள்ளலாம். கம்ப்யூட்டரிலேயே செய்ய முடிகிறது. கோயம்புத்தூர் போன்ற வெளியூருக்குப் போனால் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஒப்படைத்து, முடிவு வவுச்சர் வாங்கி, பழைய டெபாசிட்டைத் திரும்பப் பெற வேண்டும். பழைய சீட்டில் என்ன தொகை எழுதியிருக்கிறதோ அதுதான் கிடைக்கும். புது ஊரில் புது விகிதப்படி கட்ட வேண்டும். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டரின் டெபாசிட் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு முன் சில நூறு ரூபாய் கட்டியவருக்கு அந்தச் சில நூறுதான். வட்டி கேட்டு மனம் புழுங்குவதில் பயனில்லை.

சாமானோடு சாமானாக சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை: ரயிலில் காஸ் சிலிண்டர் கொண்டுபோவது குற்றம், காலியானாலும் வேண்டாம். பார்சல் ஆபீசில் மூட்டையைப் பிரித்து வெளியே எடுத்து வைத்தபோது கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

பல முதியோர் குடியிருப்புகளில் பொது உணவுக்கூடம் இருப்பதால் வீட்டில் சிலிண்டரை அனுமதிப்பதில்லை. குழாய் காஸ் என்பது கல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1857-லேயே இங்கே தெருவிளக்குகள் காஸில் எரிந்தன. இப்போது கெயில் நிறுவனமும் மாநிலத்தின் காஸ் கார்ப்பரேஷனும் 2019-ல் சேர்ந்து அமைத்த பெங்கால் காஸ் கம்பெனி, வீடுகளுக்கு இயற்கை எரிவாயுக் குழாய் போட்டு வருகிறது. போகும் இடத்தில் குழாய் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு சிலிண்டரைப் பற்றி முடிவு செய்யலாம். மாமி பொது உணவுக்கூடத்தில் மதியச் சாப்பாடு மட்டும் எடுத்துக்கொள்கிறார். காலைக் காப்பியை இன்னொருவர் கையில் விடமாட்டார். அதற்குத்தான் அந்த இண்டக்‌ஷன்.

தண்ணீர், தொலைக்காட்சி, பென்ஷன்

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பல்டாவில் ஹூக்ளியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, 1911 முதல் டாலா தொட்டியில் ஏற்றி அனுப்பும் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். மாநகராட்சி வீட்டு உபயோகத் தண்ணீருக்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. வளாகங்களில் அது பராமரிப்புக் கட்டணத்துக்குள் வரும், சில இடங்களில் மீட்டரும் வரும். ஆழ்குழாய்த் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்று கேட்டு, அதற்கேற்ற சுத்திகரிப்பான் வாங்கவும். மாமி இன்றும் காலையில் இரண்டு வாளி நிரப்பி வைக்கிறார். இருபத்து நாலு மணி நேரமும் வருகிறது என்றால் நம்ப மாட்டார்.

தமிழ்ச் சானல் விஷயம் சிறியதாகத் தோன்றும். அந்த வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது சிறியதல்ல. பல வளாகங்களில் மாடியில் சொந்தமாக டிஷ் வைக்க விடுவதில்லை, அவர்கள் ஏற்பாடு செய்த ஒரே கேபிள்காரர்தான். வங்காள, இந்திச் சானல்களோடு நின்றுவிடும். 2019 முதல் வேண்டிய சானலைத் தனியாகக் கேட்டு வாங்கும் முறை இருப்பதால், தமிழ்ச் சானல்களின் பெயரை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

பென்ஷன்காரர்கள் விலாசம் மாற்றும்போது, பாங்கியில் பதிந்த டெலிபோன் எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் கொடுக்கும் உயிர்ச் சான்றுக்கு அது தேவை. 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி 2021-ல் வந்தது. வாக்காளர் பட்டியலில் விலாசம் மாற்றப் படிவம் 8.

கோயம்புத்தூர் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைத்து வருகிறது. அது வீட்டு இணைப்புக்கு உரிய சலுகை. வளாகத்தின் பெயரில் ஒரே இணைப்பாக இருந்தால் அந்தச் சலுகை உங்கள் கணக்கில் எப்படி வருகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

மாமிக்கு வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கடைசியில் கொடுத்துவிட்டார். பழைய காப்புத் தொகையும் பாங்கியில் வந்து சேர்ந்தது. சென்ற மாதம் புது வீட்டு முதல் பில் வந்தது. மாமி போன் செய்து, உடனே வந்து பார்க்கச் சொன்னார். பில்லை மேஜைமேல் விரித்து வைத்து, மேலே மூக்குக் கண்ணாடியையும் வைத்திருந்தார். முதன்முதலாக அவர் பெயரில் ஒரு பில். ஆனால் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

"யாருப்பா இப்படி எழுதினது?" என்றார்.

மனுவை நிரப்பியவன் நான்தான். திருத்தம் கேட்டு எழுதிய கடிதம் இப்போது என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் வழியில் கொடுக்க வேண்டும்.